வெண்பட்டும் ரெனே க்ருவோவும்

சேலம் அம்மாப்பேட்டையில் நெசவு டிசைன் போடுகிறவர்கள் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்: புடவை வரைவது சுலபம், வேட்டிதான் படுத்தும். புடவையில் நமக்குக் கைகொடுக்க எத்தனையோ இருக்கிறது. உடலில் புட்டா, கரையில் மயிலோ மாங்காயோ, முந்தியில் நாம் ஆசைப்பட்டதெல்லாம். வேட்டியில்? இரண்டு ஓரமும் சரிகைக் கரை, நடுவே எட்டு முழத்துக்கும் வெறும் வெள்ளை. ஆனால் சேலம் வெண்பட்டு வாங்க வருகிறவர் அந்த வெள்ளைக்குத்தான் பணம் தருகிறார். கரையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நடுத்துணியைத்தான் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்துப் பார்ப்பார்.

அந்த வெள்ளையைத் தாளில் எப்படிக் கொண்டுவருவது என்று எனக்குக் காட்டிக்கொடுத்தவர், சேலம் என்று ஓர் ஊர் இருப்பதையே அறிந்திருக்க வாய்ப்பில்லாத ஒருவர். ரெனே க்ருவோ. பாரிஸில் பெயர் வாங்கிய ஃபேஷன் ஓவியர். அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாள் ஆசை.

முதலில் என் தொழிலைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் அவர் ஏன் எனக்கு இவ்வளவு பெரிய ஆள் என்பது புரியும். நான் ஜக்கார்டு டிசைன், அதாவது தறியில் பூவேலை நெய்வதற்கான டிசைன், போடுகிறவள். அப்பாவும் அதே தொழில்தான். அவர் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக மை தொட்டு நிரப்புவார்; நான் கம்ப்யூட்டரில் நிரப்புகிறேன். கட்டத்தை நிரப்பினால் அட்டையில் ஓட்டை விழும். ஓட்டை இருக்கிற இடத்தில் கொக்கி எழும்பும், பாவு இழை, அதாவது நெடுக்கு இழை, தூக்கும். நிரப்பாத கட்டத்துக்கு ஓட்டை இல்லை. இழை கிடந்த இடத்திலேயே கிடக்கும். லியோன் நகரத்து ஜோசப் மரி ஜக்கார்டு 1804 வாக்கில் செய்து முடித்த ஏற்பாடு இது. இன்றைக்கும் பொன்னம்மாப்பேட்டையிலும் கொண்டலாம்பட்டியிலும் ஓடுகிற ஜக்கார்டு தறிகளில் அதே கணக்குதான். அப்பா எனக்குத் தொழில் பழக்கும்போது சொல்வார், "காலிக் கட்டத்தையும் எண்ணிப் போடு கண்ணு. தறி அதையும் சேர்த்துத்தான் படிக்குது."

க்ருவோவின் படங்களில் நான் முதலில் பார்த்தது, ரூஜ் பெசே என்ற உதட்டுச் சாயத்துக்கு 1949ல் அவர் வரைந்த விளம்பரம். ஒரு பெண்ணின் முகம். கண்களைக் கறுப்புப் பட்டை மறைத்திருக்கிறது. கீழே சிவந்த உதடு. படமே அவ்வளவுதான். நம் ஊரில் மை தீட்டிய கண் இல்லாமல் ஒரு பெண் முகத்தை விளம்பரத்தில் நினைத்தே பார்க்க முடியாது. இவரோ கண்ணையே எடுத்துவிட்டார். பார்க்கிறவருக்கு உதட்டைத் தவிர வேறு போக்கிடம் கிடையாது. எதை வரைவது என்பதற்கு முன்னால், எதை எடுத்துவிடுவது என்று இவர் முடிவு செய்திருக்கிறார் என்று அன்றைக்கே தோன்றியது. அப்புறம் கிடைத்த படத்தையெல்லாம் சேர்க்க ஆரம்பித்தேன்.

1909ல், இத்தாலியின் கடலோர ஊரான ரிமினியில் பிறந்தவர். அப்பா இத்தாலியப் பிரபு குடும்பத்தவர். அந்த வழியில் வந்த பெயர் ரெனாட்டோ சவாலி ரிச்சார்தெல்லி என்று நீளும். அம்மா பிரெஞ்சுக்காரர். பெற்றோர் பிரிந்தபின் பையன் அம்மாவிடம் வளர்ந்தான். தொழிலுக்கு வந்தபோது அம்மாவின் குடும்பப் பெயரையே வைத்துக்கொண்டான். கட்டடக் கலைஞராக ஆசைப்பட்டவர், ஆனால் பதின்வயதிலேயே உடைகளை வரைந்து சம்பாதிக்க ஆரம்பித்துவிட்டார். முதலில் இத்தாலியப் பத்திரிகைகள், பிறகு பாரிஸ். ஃபெமினா, மரி கிளேர், லோஃபிசியேல், ஃபிகாரோ என்று பத்திரிகைகளின் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. பலன்சியாகா, பல்மான், ஜிவான்ஷி என்று அந்தக் காலத்துப் பெரிய உடை வீடுகள் (உயர்ரக உடை செய்யும் நிறுவனங்களை அப்படித்தான் சொல்வார்கள்) எல்லாவற்றின் துணியும் அவர் தூரிகைக்கு வந்து போயிருக்கிறது. அந்தக் கட்டட ஆசை அவரை விட்டுப் போகவில்லை என்பது என் எண்ணம். அவர் வரைந்த பாவாடைகள் இடுப்பிலிருந்து தொங்குவதில்லை, தரையில் நிற்கின்றன.

ஃபிகாரோவில் வேலை செய்த நாட்களில்தான் இன்னொரு இளைஞரோடு பழக்கமாகிறது. அவரும் அங்கே உடைகளை வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தவர். பெயர் கிறிஸ்டியன் டியோர். 1947 பிப்ரவரி 12ல், அவென்யூ மோந்தேன் 30ஆம் எண் கட்டடத்தில் டியோர் தன் முதல் உடைத் தொகுப்பைக் காட்டினார். போர் முடிந்த காலம், துணிக்குப் பஞ்சம். அந்த நேரத்தில் இடுப்பை இறுக்கி, கீழே பாவாடையைக் கஜக்கணக்கில் விரித்துவிட்டார். ஹார்ப்பர்ஸ் பஜார் என்ற அமெரிக்க ஃபேஷன் பத்திரிகையின் ஆசிரியர் கார்மெல் ஸ்னோ சொன்ன 'நியூ லுக்' என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. அந்தத் தொகுப்பில் 'பார்' என்றொரு உடை உண்டு: பாலேடு நிறத்தில் ஷாந்துங் பட்டு மேற்சட்டை, கீழே கறுப்புக் கம்பளிப் பாவாடை. ஷாந்துங் என்றால் இழையில் ஆங்காங்கே தடிப்பு தட்டும் பட்டு. கை வைத்தாலே தெரியும். அந்த உடையைக் க்ருவோ வரைந்த விதத்தில் மேற்சட்டையின் விறைப்பும் பாவாடையின் பாரமும் தனித்தனியாகத் தெரிகின்றன. பட்டையும் கம்பளியையும் வேறு பிரித்துக் காட்ட அவருக்கு நெசவின் குறுக்கு நெடுக்கு எதுவும் தேவைப்படவில்லை. துணி எங்கே மடங்குகிறது, எங்கே மடங்க மறுக்கிறது என்பதை மட்டும் கோட்டில் சொல்லிவிடுகிறார்.

அதே 1947ல் டியோர் மிஸ் டியோர் என்ற வாசனைத் திரவியத்தையும் கொண்டுவந்தார். விளம்பரம் க்ருவோவுடையது. ஓர் அன்னம். கழுத்தில் முத்துமாலை, ஒரு கறுப்பு ரிப்பன் முடிச்சு. புட்டி இல்லை, பெண் இல்லை, பூ இல்லை. நான் மிக அதிக நேரம் செலவழித்த படம் இதுதான். அன்னத்தின் உடலுக்கு அவர் செய்தது மிகக் குறைவு. வெள்ளைமேல் வெள்ளை பூசவில்லை, நிழலடித்து உருட்டவில்லை. கழுத்தில் அந்தக் கறுப்பு முடிச்சு உட்கார்ந்ததும் சுற்றியிருப்பதெல்லாம் இறகாகிவிடுகிறது. கறுப்பு எங்கே நிற்கிறது என்பதுதான் வெள்ளை எவ்வளவு வெளுப்பு என்பதைத் தீர்மானிக்கிறது. வெண்பட்டு வேட்டியில் சரிகைக் கரை செய்வதும் இதைத்தான்.

இரண்டு வருஷம் கழித்து, அதே வாசனைக்கு இன்னொரு படம்: சிறுத்தையின் பாதத்தின்மேல் ஒரு பெண்ணின் கை. கையும் பாதமும் மட்டும்தான். அந்தப் பெண் யார், எப்படி இருப்பாள், என்ன உடுத்தியிருப்பாள் என்பதெல்லாம் நம் கற்பனைக்கு. உடை வரைகிற ஒருவர் உடையே இல்லாமல் உடையின் மிடுக்கைக் காட்டியிருக்கிறார்.

அவருடைய கோட்டைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. ஜப்பானிய மரச்செதுக்கு ஓவியங்களிலிருந்தும் பிரெஞ்சு ஓவியர் துலூஸ் லோத்ரெக்கின் சுவரொட்டிகளிலிருந்தும் அவர் கற்றுக்கொண்டார் என்பார்கள். படத்தைப் பார்த்தாலே தெரிகிறது. தட்டையான நிறம், கெட்டியான கறுப்பு எல்லை, தாளின் விளிம்பில் துணிந்து வெட்டுப்படும் உருவம். ஆனால் கோடு ஒரே தடிமனில் ஓடுவதில்லை. தோளில் தடித்து ஆரம்பித்து, கைக்கு வரும்போது மெலிந்து, முழங்கையில் காணாமலே போய், மணிக்கட்டில் திரும்ப வரும். நடுவே விட்ட இடத்தை நம் கண் தானாகப் போட்டுக்கொள்கிறது. தூரிகையைத் தாளில் அழுத்துவதும் தூக்குவதும்தான் அந்தத் தடிப்பும் மெலிவும். அவசரமாக இழுத்ததுபோல் தெரியும், ஆனால் ஒரு கோட்டைக்கூட அங்கிருந்து நகர்த்த முடியாது.

கிராஃப் போடுகிறவளுக்கு இது எவ்வளவு பெரிய பாடம் என்று யோசித்துப் பாருங்கள். எங்களுக்கு வளைவு என்பதே கிடையாது. எல்லாம் படிதான். ஒரு மாங்காயின் முதுகு வளைய வேண்டுமென்றால், மூன்று கட்டம் போய் ஒரு படி, இரண்டு கட்டம் போய் ஒரு படி, அப்புறம் ஒன்றொன்றாய், திரும்ப இரண்டு, மூன்று. கணக்கு தவறினால் துணியில் மாங்காய் உடைந்து தெரியும். 120 கொக்கி மட்டுமே உள்ள ஜக்கார்டு பெட்டியில் இது இன்னும் நெருக்கடி, இடமே இருக்காது. க்ருவோவின் கோட்டைப் பெரிதாக்கி, மேலே கட்டம் போட்டு, எங்கே தடிக்கிறது எங்கே மெலிகிறது என்று பார்த்ததில் எனக்கு ஒன்று பிடிபட்டது. வளைவின் உச்சியில் அவர் கோட்டைத் தடிப்பாக்குவதில்லை. உச்சிக்குக் கொஞ்சம் முன்னாலேயே தடித்துவிட்டு, உச்சியில் விட்டுவிடுகிறார். அதனால்தான் வளைவு நகர்கிற மாதிரி இருக்கிறது. இப்போது என் மாங்காய்களுக்கும் அப்படித்தான் செய்கிறேன். இரண்டு கட்டம் தள்ளித் தடிப்பு வைத்தால் போதும், சரிகையில் நன்றாக எழும்புகிறது.

எங்கள் தெருவில் ஒரு பெரியப்பா இருக்கிறார். பட்டுத்தறியிலேயே ஆயுசு போனவர். ஒரு நாள் க்ருவோவின் மாலைநேர உடை ஒன்றைக் கம்ப்யூட்டரில் காட்டினேன். யார், எந்த நாடு என்றெல்லாம் கேட்கவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "இது கனமான துணி கண்ணு. ரெட்டை இழையாத்தான் ஓட்டியிருக்கணும்" என்றார். வேறொரு படத்தைக் காட்டினேன். "இது லேசு. காத்துக்கு நிக்காது." இழை ஒன்றுகூடத் தெரியாத படத்தைப் பார்த்து ஒரு நெசவாளர் எடை சொல்கிறார் என்றால், க்ருவோவுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு என்ன வேண்டும்? எந்தக் கலை விமரிசகர் சொன்னதைவிடவும் எனக்கு இதுதான் பெரிது.

காலம் அவருக்கு எதிராகத்தான் ஓடியது. 1932 ஜூலையிலேயே வோக் என்ற ஃபேஷன் பத்திரிகை தன் அட்டையில் எட்வர்ட் ஸ்டைக்கன் எடுத்த வண்ணப் புகைப்படத்தைப் போட்டுவிட்டது. அதற்குப் பின் ஒவ்வொரு பத்திரிகையாகக் கேமராவுக்கு மாற, வரைகிறவர்களுக்கு வேலை குறைந்துகொண்டே வந்தது. க்ருவோ போருக்குப் பிறகு அமெரிக்கா போய் வோக், ஹார்ப்பர்ஸ் பஜார், ஃப்ளேர் பத்திரிகைகளுக்கு வரைந்தார். பத்திரிகைகள் கைவிட்டபோது விளம்பரமும் சுவரொட்டியும் அவரைத் தாங்கின. மூலான் ரூஜ், லிடோ நடன அரங்குகளின் சுவரொட்டிகள் அவருடையவை. 1957ல் டியோர் இறந்தபின்னும் அந்த வீட்டு வாசனைத் திரவியங்களுக்கு அவர் தொடர்ந்து வரைந்தார். 2004ல், ரோமில், தொண்ணூற்றைந்து வயதில் காலமானார். அவர் ஊரான ரிமினியின் அருங்காட்சியகத்தில் அவர் படங்களுக்கென்று தனி இடம் உண்டு. போக வேண்டும் என்று எனக்கு ஆசை.

ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அவர் வரைந்த பெண்கள் எல்லோரும் ஒரே வர்க்கம். நீண்ட கழுத்து, கையுறை, தொப்பி, பாதி மூடிய கண். ஒருத்தியும் பை தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்பவள் இல்லை. இந்தக் குறை எனக்கு உறுத்துகிறபோதெல்லாம் அன்டோனியோ லோபஸ் என்ற இன்னொரு ஃபேஷன் ஓவியரிடம் போவேன். 1943ல் போர்ட்டோ ரிக்கோவில் உத்வாதோ என்ற ஊரில் பிறந்து, சிறுவயதில் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்தவர். அம்மா தையற்காரர், அப்பா துணிக்கடைப் பொம்மைகள் செய்தவர். எங்கள் வீடுகளைப் போன்ற வீடு. அவர் படங்களில் கறுப்பினப் பெண்களும் லத்தீன் பெண்களும் தெருவும் இசையும் நுழைந்தன. 1987ல், நாற்பத்து நான்கே வயதில் போய்விட்டார். மனசுக்கு நெருக்கம் லோபஸ். ஆனால் கைக்குப் பாடம் க்ருவோதான்.

சரி, வேட்டிக்கு வருகிறேன். தெரிந்த ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் முகூர்த்த சீசனுக்கு விளம்பரம் வேண்டும் என்று வந்தார். வெண்பட்டு வேட்டி, அங்கவஸ்திரம், ஒன்பது ஐந்து (ஒன்பது முழ வேட்டியும் ஐந்து முழ அங்கவஸ்திரமும் சேர்ந்த ஜோடி), எல்லாம் சேர்த்து. போட்டோ வேண்டாம், கையால் வரைந்ததாக வேண்டும் என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஐந்து ரோட்டில் நின்று பார்த்தால் தெரியும்: எல்லா ஃப்ளெக்ஸிலும் ஒரே மாப்பிள்ளை. மார்பை நிமிர்த்தி, மீசையை முறுக்கி, வேட்டி நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார். வேட்டிக்கு ஒளி அடித்து அடித்து அது பட்டா பாலியஸ்டரா என்றே தெரியாது.

இங்கேதான் க்ருவோவின் இன்னொரு தொகுதி உதவியது. 1966ல் டியோர் வீடு ஆண்களுக்காக ஓ சவாஜ் என்ற வாசனைத் திரவியத்தை வெளியிட்டது. அதற்கு அவர் வரைந்த ஆண்கள் வீரர்கள் இல்லை. குளியல் அங்கியோடு வீட்டுக்குள் தன் பாட்டுக்கு இருப்பவர்கள். யாரோ பார்க்கிறார்கள் என்பதற்காக நிற்காத ஆண்கள். அந்த நிம்மதிதான் அந்தப் படங்களின் அழகு. மாப்பிள்ளையை அப்படி வரையலாமே என்று தோன்றியது. கல்யாணத்தன்று காலை, அறைக்குள் வேட்டி கட்டிக்கொண்டிருக்கும் ஓர் ஆண். முதுகுப் பக்கத்திலிருந்து. தலை குனிந்து இடுப்பில் செருகிக்கொண்டிருக்கிறான், கால் அருகே கரை தரையைத் தொடுகிறது.

நிற்கும் தோரணைக்காக ஏற்காடு போனேன். மே மாதம், கோடை விழா நேரம். அண்ணா பூங்காவில் மலர்க் கண்காட்சி பார்க்கக் கூட்டம் வரிசையில் நிற்கும். வரிசையில் நிற்கிற மனிதர்களைப்போல வரைவதற்கு நல்ல ஆட்கள் கிடையாது. பாரம் முழுக்க ஒரு காலில், மறு கால் தளர்ந்து, இடுப்பு ஒரு பக்கம் ஏறியிருக்கும். க்ருவோவின் பெண்கள் இடுப்பைத் தள்ளி நிற்பது வெறும் ஒயில் என்று நினைப்போம். இல்லை, பாரம் எந்தக் காலில் இருக்கிறது என்பதை அவர் எப்போதும் சரியாக வைக்கிறார். துணி தோளிலும் ஏறிய இடுப்பிலும் மட்டும்தான் உடம்பைத் தொட்டுத் தொங்குகிறது. மற்ற இடமெல்லாம் காற்று. வேட்டிக்கும் அதே விதிதான். குளிருக்குத் துண்டைப் போர்த்திக்கொண்டு நின்ற ஒரு தாத்தாவின் வேட்டியை மட்டும் பல தாள்களில் வரைந்தேன். மலர் எதையும் பார்க்கவில்லை.

படம் இப்படி முடிந்தது: பின்னணி முழுக்க அரக்குச் சிவப்பு, தட்டையாக. மேனிக்கு ஒரே மாநிறம், நிழல் இல்லை. கரைக்கு மட்டும் தூரிகையால் இழுத்த கோடு, மடிப்புக்கு மடிப்பு உடைந்து உடைந்து. வேட்டிக்கு எதுவும் இல்லை. இடது பக்கம் எல்லைக் கோடுகூட இல்லை. சிவப்பு நிற்கிற இடத்தில் வேட்டி ஆரம்பிக்கிறது. ஃப்ளெக்ஸ் அச்சில் இது இன்னும் பொருத்தம். அந்த மெஷினில் வழக்கமாக ஓடுகிற நான்கு மைகளில் வெள்ளை மை கிடையாது. அடிப்பொருளின் வெள்ளைதான் வெள்ளை. ஆகவே கடைவாசலில் வேட்டி இருந்த இடத்தில் மை ஒரு சொட்டுகூட விழவில்லை.

கடைக்காரர் முதலில் தயங்கினார். "ஏங்க, மூஞ்சியே தெரியலையே?" என்றார். மூஞ்சி தெரிந்தால் அது யாரோ ஒரு மாடலின் கல்யாணம், தெரியாவிட்டால் வாசலில் நிற்கிறவரின் கல்யாணம் என்று சொன்னேன். யோசித்துவிட்டுச் சம்மதித்தார். பெரியப்பா பார்த்துவிட்டு எடை எதுவும் சொல்லவில்லை. கரை மடிப்பு ஒன்றைக் காட்டி, "நம்ம வேட்டி இந்த இடத்துல இன்னும் கொஞ்சம் விறைப்பா நிக்கும்" என்றார். கஞ்சி போட்ட புது வெண்பட்டின் முதல் மடிப்பைச் சொல்கிறார். அதை அங்கவஸ்திரத்துக்கான அடுத்த படத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

க்ருவோவைத் தேடிப் பார்க்க நினைப்பவர்கள் ரூஜ் பெசேவில் ஆரம்பியுங்கள், அப்புறம் அன்னம், அப்புறம் சிறுத்தையின் பாதம். போனில் வேண்டாம், கொஞ்சம் பெரிய திரையில் பாருங்கள். எந்தப் படமானாலும் ஓரத்தில் அவர் கையெழுத்தைத் தேடுங்கள். பல படங்களில் பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரம் இருக்கும். வரைகிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் பென்சிலைக் கொடுக்காதீர்கள், தூரிகையும் கறுப்பு மையும் கொடுத்து அவர் கோடு ஒன்றைப் பார்த்து இழுக்கச் சொல்லுங்கள்.